கைராசியும் கணக்கும்

நம் கரக்பூருக்கு உறவினர் எவரேனும் வந்து இறங்கினால், அவர் பெட்டியைக் கையில் வாங்குமுன்னரே நாம் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. "இப்பொழுது நீங்கள் நிற்கும் இந்த நடைமேடைதான் உலகிலேயே மிக நீளமானது" என்போம். வந்தவரும் இருபுறமும் திரும்பிப் பார்த்து வியப்பார். 1,072 மீட்டர் நீளமுள்ள இந்நடைமேடை அப்பெருமைக்கு ஒரு காலத்தில் உரியதாகவே இருந்தது. ஆனால் 2013-ஆம் ஆண்டில் கோரக்பூரில் 1,366 மீட்டர் நீளத்தில் வேறொன்று அமைந்தது. 2023 மார்ச்சில் ஹுப்ளியில் 1,507 மீட்டர் நீளத்தில் இன்னொன்று திறக்கப்பட்டது. நாம் இவ்வூருக்குப் பணியேற்க வந்ததும் 2013-இல்தான். ஆகவே, நாம் பெருமை பேசத் தொடங்கிய ஆண்டும் அப்பெருமை பொய்த்த ஆண்டும் ஒன்றே. இரயில்வேயில் ஊதியம் வாங்கும் நமக்கே இது பத்தாண்டுகள் தெரியாதிருந்தது. தெரிந்துகொள்ள வேண்டுமென்று தோன்றவும் இல்லை.

இந்த நம்பிக்கையால் எவருக்கும் தீங்கில்லை. விருந்தினர் ஒரு நிமிடம் வியந்தார், அவ்வளவே. ஆனால் ஆராயாமல் வைத்துக்கொண்டிருந்த வேறு இரண்டு நம்பிக்கைகள் அவ்வாறு இருக்கவில்லை. அவற்றுள் ஒன்று நம்மைக் கேலிக்கு உரியவராக்கியது. மற்றொன்று நம் குடும்பத்தில் ஓர் இளைஞனின் மனத்தைப் புண்படுத்தியது. அவ்விரண்டையும் நம் சங்கத்து அன்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் முன்பதிவுச் சாளரத்தில் அமர்ந்திருக்கும் எழுத்தர் என்பதை அன்பர்கள் அறிவார்கள். இவ்வூர்த் தமிழ்க் குடும்பங்களுள் நம் கையால் சீட்டு வாங்காதவர் குறைவு. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அம்மையார், காத்திருப்போர் பட்டியலில் அறுபதாம் எண்ணில் இருந்த தம் சீட்டு உறுதியாகிவிட்டதைக் கூறி, "தம்பி, உங்கள் கை ராசியான கை" என்றார். அச்சொல் வீட்டுக்கு வீடு பரவிற்று. பக்கத்துச் சாளரம் காலியாக இருந்தாலும், நம் சாளரத்தில் வரிசையில் நிற்போர் ஏற்பட்டனர். திருமணத்திற்கு ஊர் போவோரும், நோயாளியை வேலூருக்கு அழைத்துச் செல்வோரும் நம் பணி நேரத்தைக் கேட்டறிந்து வந்தனர். மறுத்துச் சொல்ல வேண்டிய நாமோ உள்ளுக்குள் மகிழ்ந்தோம். முதற் சீட்டை அச்சிடுமுன் கையைத் துடைத்துக்கொள்ளும் பழக்கமும் நமக்கு ஏற்பட்டது.

காத்திருப்போர் சீட்டு எவ்வாறு உறுதியாகிறது என்பது நமக்குத் தெரியாததன்று. இடம் பெற்றவர்களுள் எத்தனை பேர் பயணத்தைக் கைவிடுகிறார்களோ, பிற ஒதுக்கீடுகளில் எத்தனை இடங்கள் மிஞ்சுகின்றனவோ, அதற்கேற்பப் பட்டியல் நகரும். வண்டி புறப்படுமுன் சார்ட் தயாராகும்போது எல்லாம் முடிவாகிவிடும். சாளரத்தில் இருப்பவர் விசையைத் தட்டுகிறார். இடத்தைத் தருவது எங்கோ உள்ள கணிப்பொறி. அதற்கு நம் பெயரும் தெரியாது, நம் ராசியும் தெரியாது. இதனை நன்கறிந்த நாமே, புகழ்ந்துரைப்பார் முன் அறிந்ததை மறந்தோம். அறியாமையால் வரும் மூடநம்பிக்கை ஒருவகை. அறிந்தும் இனிப்பாயிருப்பதால் விழுங்குவது மற்றொரு வகை.

நிற்க. 2023 ஜூன் 2-ஆம் நாள், வெள்ளிக்கிழமை. அன்று மாலை நம் ஊரைக் கடந்து சென்ற கோரமண்டல் விரைவு வண்டி, பாலசோர் மாவட்டத்துப் பாஹாநாகா பஜார் நிலையத்தில் விபத்துக்குள்ளாயிற்று. 290-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த இரவையும் அதற்கடுத்த நாள்களையும் இவ்வூர் மறவாது. தொலைபேசி மணி ஓயாமல் ஒலித்தது. எண்ணும் பெயரும் எழுதிய துண்டுத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு பலர் சாளரத்தின் முன் நின்றனர்.

மூன்று நாள் சென்றபின் நமக்கு அறிமுகமான அன்பர் ஒருவர் வீட்டிற்கு வந்தார். கையில் கோயிற் பிரசாதம் இருந்தது. அவர் அதே வண்டிக்கு நம்மிடம் சீட்டு வாங்கியிருந்தார். அது காத்திருப்பிலேயே நின்றுவிட்டதால் பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வீடு சென்றவர். அவர் நம் கையைப் பற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "உங்கள் கைராசிதான் ஐயா என்னைக் காப்பாற்றியது. வேறு ஆளிடம் வாங்கியிருந்தால் இடம் கிடைத்திருக்கும், நானும் போய்ச் சேர்ந்திருப்பேன்" என்று அழுதார். நாமும் கண்கலங்கினோம். அவர் சென்றபின் பிரசாதத்தைப் பூசை மாடத்தில் வைத்துவிட்டு வந்த நம் இல்லாள், சிறிது நேரம் பேசாதிருந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்:

"அந்த வண்டிக்கு நீங்கள் வேறு யாருக்கும் சீட்டுக் கொடுக்கவில்லையா?"

கொடுத்திருந்தோம். அந்த வாரம் நம் சாளரத்தில் அவ்வண்டிக்கு உறுதியான இடத்தோடு சீட்டுப் பெற்றுச் சென்றோர் பலர். அவர்களுள் யார் எவ்வாறு ஆயினர் என்று தேடிப் பார்க்கும் துணிவு நமக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஒருவரைக் காத்தது நம் கை என்றால், அவர்களை அனுப்பியதும் அதே கைதானே? அந்தப் பொறுப்பை ஏற்க மாட்டோம் என்றால், இந்தப் புகழை எப்படி ஏற்க முடியும்? மேலும் ஒன்று புலப்பட்டது. சீட்டு உறுதியானபோதும் கைராசி என்றனர். உறுதியாகாதபோதும் கைராசி என்றனர். எது நடந்தாலும் மெய்யென்று நிற்கும் ஒன்று, எதைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை என்பதே பொருள்.

இதன் பின்னர் நாம் ஒரு சிறு சோதனை செய்தோம். முன்பதிவுப் படிவம் ஒன்றின் பின்புறத்தில் குறுக்கும் நெடுக்கும் ஒவ்வொரு கோடு இழுத்து நான்கு கட்டங்கள் வரைந்தோம். நம் சாளரத்தில் வாங்கி உறுதியானவை, நம் சாளரத்தில் வாங்கி உறுதியாகாதவை, பக்கத்துச் சாளரத்தில் வாங்கி உறுதியானவை, அங்கு வாங்கி உறுதியாகாதவை என்று பிரித்தோம். இரு சாளரங்களிலும் நாற்பது நாற்பது காத்திருப்புச் சீட்டுகளைக் குறித்துவைத்துப் பின்னர் பார்த்தோம். நமக்கு 17 உறுதியாயின, 23 ஆகவில்லை. பக்கத்துச் சாளரத்து நண்பருக்கு 18 உறுதியாயின, 22 ஆகவில்லை. அந்நண்பரைக் கைராசிக்காரர் என்று ஒருவரும் அழைத்ததில்லை! இடம் கிடைத்த பதினேழு பேர் வந்து மகிழ்ச்சி கூறுவர்; கிடைக்காத இருபத்து மூவர் பேசாமல் பேருந்தில் ஏறிப் போய்விடுவர். நான்கு கட்டங்களுள் முதற் கட்டம் மட்டுமே வாய் திறக்கிறது. மற்ற மூன்றும் ஊமைகள். நம் நினைவும் வாயுள்ளதையே கேட்கிறது.

இவ்வூர்த் தொழில்நுட்பக் கழகத்தில் பயிலும் தமிழ் மாணவர் ஒருவரிடம் இதனைச் சொன்னோம். அவர் ஆபிரகாம் வால்ட் என்னும் புள்ளியியல் அறிஞரைப் பற்றிக் கூறினார். இரண்டாம் உலகப் போரின்போது, 1943-இல், அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த புள்ளியியல் குழுவில் அவர் பணியாற்றினார். போருக்குச் சென்று திரும்பிய விமானங்களின் உடலிலும் இறக்கையிலும் குண்டு துளைத்த ஓட்டைகள் நிறைந்திருக்கும்; இயந்திரப் பகுதியில் குறைவாக இருக்கும். ஓட்டை மிகுந்த இடத்துக்குக் கவசம் பூட்டலாம் என்றே எவர்க்கும் தோன்றும். வால்டின் ஆய்வு காட்டிய வழியோ வேறு. நம் கண்முன் நிற்பவை திரும்பி வந்த விமானங்கள் மட்டுமே. இயந்திரத்தில் அடிபட்டவை திரும்பவே இல்லை. அதனால்தான் அங்கே ஓட்டை தென்படவில்லை. ஆகவே கவசம் வேண்டுவது அங்கேதான். வந்ததைப் பார்த்து வராததையும் கணக்கிட்ட அப்பேரறிஞர், 1950-ஆம் ஆண்டில் சொற்பொழிவாற்ற இந்தியாவிற்கு வந்து, டிசம்பர் 13 அன்று நம் தமிழகத்து நீலகிரி மலையில் நேர்ந்த விமான விபத்தில் தம் மனைவியாரோடு உயிர்நீத்தார் என்று கேட்டபோது, நெஞ்சு கனத்தது.

இனி நம் இரண்டாவது நம்பிக்கைக்கு வருவோம். இதனைக் கூறுவதுதான் கடினம்.

நாம் பத்தாம் வகுப்பு மட்டுமே தேறியவர். விருத்தாசலத்தில் காங்மேன் ஒருவரின் மகனாகப் பிறந்து, தேர்வெழுதிக் கடைநிலை ஊழியராகச் சேர்ந்து, பின்னர்த் துறைத்தேர்வு எழுதி எழுத்தரானோம். "முயன்றோம், வென்றோம்" என்பதே நம் வரலாறு என்று நம்பியிருந்தோம். சங்க ஆண்டு விழாவில் ஒருமுறை மேடையேறி அவ்வாறே பேசியும் இருக்கிறோம். 2019-இல் இரயில்வேயில் எழுத்தர் முதலிய பணிகளுக்கு அறிவிப்பு வந்தபோது, ஊரிலிருந்து நம் அக்காள் மகன் இங்கே வந்து நம் இல்லத்தில் தங்கிப் படித்தான். கொரோனா நோயால் தேர்வு தள்ளித் தள்ளிப் போயிற்று. அவன் ஊருக்குப் போவதும் மீள்வதுமாக இருந்து ஒருவாறு தேர்வெழுதினான். 2022 பொங்கலை ஒட்டி முடிவு வந்தது. அவன் எண் பட்டியலில் இல்லை.

அன்று நாம் அவனிடம் பேசியதை இப்போது எழுதவும் கூசுகிறோம். "நாங்கள் தெருவிளக்கில் படித்து வந்தவர்கள். உனக்கு மின்விசிறி போட்டுக் கொடுத்தும் பயனில்லை" என்றோம். அதோடு நில்லாமல், அக்காளைத் தொலைபேசியில் அழைத்து, "உன் மகன் படிக்கவில்லை" என்றும் சொன்னோம். அவன் எதிர்த்து ஒரு சொல் பேசவில்லை. மறுநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்பட்டான். அதன்பின் ஓராண்டுக்கு மேல் நம்மோடு பேசவே இல்லை.

கைராசிக் கட்டங்களை வரைந்த அந்த இரவில்தான், அதே நான்கு கட்டங்களை நம் வெற்றிக்கும் வரைந்து பார்க்க வேண்டும் என்று தோன்றிற்று. முயன்று பெற்றவர் என்னும் கட்டத்தில் நாம் இருக்கிறோம். முயன்றும் பெறாதவர் கட்டத்தில் யார் இருக்கிறார்? எண்ணியவுடன் ஒரு முகம் தோன்றியது. விருத்தாசலத்தில் நம்மோடு ஒரே விளக்கில், ஒரே புத்தகத்தில் படித்த நண்பர் அவர். இருவரும் சேர்ந்தே மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது எழுதிக் கட்டினோம். தந்தையாருடன் பணியாற்றிய ஒருவர் கல்கத்தா வட்டத்துக்கும் விண்ணப்பிக்கச் சொன்னபோது இருவருமே விண்ணப்பித்தோம். எழுத்துத் தேர்வில் இருவரும் தேறினோம். உடல்திறன் தேர்வுக்கு வந்த இடத்தில் அவருக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. ஓட்டத்தின் பாதியிலேயே அமர்ந்துவிட்டார். இன்று அவர் ஊரில் தேநீர்க் கடை வைத்திருக்கிறார். நம்மைவிட அவர் கணக்கில் வல்லவர். அவருடைய முயற்சியில் குறையில்லை, வேண்டுதலிலும் குறையில்லை. இத்தனை ஆண்டுகளில் மேடையிலும் வீட்டிலும் நம் வரலாற்றைச் சொன்னபோது, ஒரு தடவையாவது அவரை நாம் அதில் சேர்த்ததில்லை.

நம் அக்காள் மகன் எழுதிய தேர்வின் கணக்கையும் பாருங்கள். இடங்கள் ஏறத்தாழ 35,000. விண்ணப்பித்தோர் சுமார் ஒரு கோடியே இருபத்தைந்து லட்சம். ஓர் இடத்துக்கு ஏறத்தாழ 350 பேர். அத்தனை பேரும் நாள்தோறும் பத்து மணி நேரம் உறக்கமின்றிப் படித்திருந்தாலும், இடம் 35,000-தான், ஒன்றுகூட மிகாது. எல்லாரும் முயன்றால் எல்லாரும் வெல்லலாம் என்பது பந்தியில் இலை போதாத இடத்தில், நன்றாகப் பசித்திருந்தால் இலை கிடைக்கும் என்பதைப் போன்றது. பயிற்சி நிலையங்கள் தம் வாயிலில் தேறியவர் படங்களை வரிசையாக ஒட்டுகின்றன. அதே வகுப்பில், அதே பலகையில் அமர்ந்து படித்துத் தேறாதவர் படங்களையும் ஒட்டுவதென்றால் சுவர் போதுமா?

ஆயின் முயற்சி வீணோ என்று அன்பர்கள் கேட்கலாம். வீணன்று. படியாதவன் தேர்வில் தேறுவதில்லை. முயற்சி இன்றியமையாதது, ஆனால் அது மட்டுமே போதுமானது அன்று. வண்டியில் அமர்ந்து செல்லச் சீட்டு வேண்டும். சீட்டு வாங்கியவர்க்கெல்லாம் இடம் உறுதியில்லை. 'வேண்டும்' என்பதையும் 'போதும்' என்பதையும் ஒன்றாகக் குழப்பியதே நாம் செய்த பிழை. திருவள்ளுவப் பெருந்தகை 'ஊழ்' என்று ஓர் அதிகாரமும், 'ஆள்வினையுடைமை' என்று வேறோர் அதிகாரமும் வகுத்தார். ஒன்றை எழுதியதால் மற்றொன்றை விட்டாரில்லை. நாமோ, நமக்குக் கிடைத்ததற்கு ஆள்வினையையும், பிறர்க்குக் கிடைக்காததற்கு அவர் சோம்பலையும் காரணமாக்கிக்கொண்டோம். நம் இழப்புக்கு மட்டும் ஊழைக் கூப்பிட்டோம்.

அக்காள் மகனைத் தொலைபேசியில் அழைத்தோம். அவன் ஊரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் வேலை செய்துகொண்டிருந்தான். "மாப்பிள்ளை, அன்று நான் பேசியது தவறு" என்றோம். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னான்: "மாமா, நீங்கள் என்னைத் திட்டியது எனக்குப் பெரிதில்லை. நான் படிக்கவில்லை என்று அம்மாவிடம் சொன்னீர்களே, அதை அம்மா இன்னும் நம்புகிறாள். என்னிடம் சொல்லிப் பயனில்லை. அவளிடம் சொல்லுங்கள்."

அக்காளிடம் பேசினோம். அது அவ்வளவு எளிதாக முடியவில்லை. "நீ படித்தாய், பாஸ் ஆனாய். அவன் படிக்கவில்லை, ஆகவில்லை. இதில் என்னடா பெரிய கணக்கு?" என்றாள். நாம் விதைத்ததை நாமே பிடுங்க முடியாமல் தவித்தோம். ஒரு கோடி, முப்பத்தையாயிரம் என்ற எண்ணெல்லாம் அவள் காதில் ஏறவில்லை. கடைசியில், "அக்கா, என்னோடு படித்தானே, அவனுக்கும் சேர்த்து நீதானே இரவில் காப்பி போட்டுக் கொடுப்பாய்? அவன் படிக்கவில்லையா?" என்று கேட்டோம். "ஐயோ, அவன் விடிய விடியப் படிப்பானே" என்றவள், சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. "அப்படியென்றால் என் பிள்ளையும் படித்தான் என்கிறாயா?" என்று கேட்டாள். "இரவு இரண்டு மணிக்கு நானே விளக்கை அணைத்திருக்கிறேன் அக்கா" என்றோம். அது உண்மை. விளக்கை அணைத்த நமக்கு அது நினைவில் இருந்தது. முடிவு வந்த நாளில் மட்டும் மறந்துவிட்டது.

இதனை எழுதுவது எவருடைய பக்தியையும் பழிப்பதற்கன்று. நம் இல்லாள் வெள்ளிதோறும் கோயிலுக்குப் போகிறாள். நாமும் உடன் போகிறோம். துன்பத்தில் ஆறுதல் தேடுவது வேறு, கிடைத்ததற்கு ஒரு காரணம் கற்பித்து அதனைக் கொண்டு பிறரை அளப்பது வேறு. எந்த நம்பிக்கையானாலும் மூன்று கேள்விகள் கேட்டுப் பார்க்குமாறு வேண்டுகிறோம். இதே செயலைச் செய்தும் பெறாதவர் எத்தனை பேர்? செய்யாமலே பெற்றவர் எத்தனை பேர்? எது நடந்தால் இந்நம்பிக்கை தவறென்று நாம் ஒப்புக்கொள்வோம்? மூன்றாம் கேள்விக்கு விடை இல்லையென்றால், அது நம்பிக்கையன்று, பழக்கம்.

முடிவாக ஒரு விண்ணப்பம். ஊரை விட்டு வந்து, வேற்று மொழியாரிடையே பிள்ளைகளைப் படிக்கவைக்கும் நம் குடும்பங்களில், தேர்வு முடிவு வரும் நாள் பெரிய நாள். ஆண்டுதோறும் நம் விழா மேடையில் வென்றவர்களை ஏற்றி, வெற்றியின் இரகசியம் கேட்கிறோம். நாமும் அதைச் சொன்னவர்தாம். வரும் ஆண்டிலேனும், முழுமூச்சாக முயன்றும் இடம் கிடைக்காத பிள்ளைகள் இருவரையாவது அதே மேடையில் அமர்த்தி, அதே மாலையை அணிவித்து, அவர்கள் எவ்வாறு படித்தார்கள் என்று கேட்போமாக. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அவர்களுடைய தாய்மார் அதைக் கேட்க வேண்டும். அதற்கு நம் அக்காள் மகனை அழைத்திருக்கிறோம். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவனுக்கு ஒரு சீட்டு மட்டும் பதிவு செய்து வைத்திருக்கிறோம். காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறது. நம் கையால்தான் பதிந்தோம்.